நிறத்தை விடுங்கள், காலைப் பாருங்கள்

படகு கரையை விட்டு இருபது அடிகூடப் போயிருக்காது. தலைக்கு மேல் மூன்று வெள்ளைப் பறவைகள் கடந்தன. "கொக்கு! கொக்கு!" என்று முன்பலகையில் இருந்த பையன் கத்தினான். "கொக்கு இல்லடா கண்ணா, நாரை" என்று அவன் அம்மா திருத்தினார். படகோட்டி துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் பேசிய கன்னடம் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. கை பேசியது முழுதும் புரிந்தது. முதலில் முழங்கையை மடக்கித் தோளோடு ஒட்டிக் காட்டினார். பிறகு கையை நேராக நீட்டினார். அண்ணாந்து பார்த்தோம். முன்னால் போன இரண்டும் கழுத்தை மடக்கித் தோளுக்குள் செருகியிருந்தன. பின்னால் வந்தது கழுத்தைக் கம்புபோல நீட்டியிருந்தது. பையன் சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி. முதல் இரண்டும் கொக்கு, மூன்றாவது நாரை.

இடம் ரங்கனதிட்டு. மைசூரிலிருந்து 20 கி.மீ.க்குள், ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிக் காவிரிக்குள் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள். நாம் மணல்திட்டு என்கிறோமே, அதே திட்டுதான். 17ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையால் உருவானவை இவை. மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி, மருத மரங்களிலும் தாழம்புதர்களிலும் மூங்கிலிலும் கூடு கட்டி நெரிந்த கூட்டத்தைக் கண்டு, இதைக் காப்பிடமாக அறிவிக்கும்படி அரசை இணங்கவைத்தார். அது 1940. அடுத்த ஆண்டே, இந்தியப் பறவைகளை அடையாளம் காண இன்றும் பலர் கையில் எடுக்கும் அவருடைய நூலின் முதல் பதிப்பு வந்தது. 2022இல் ரங்கனதிட்டு ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள். அதுதான் அதிகம் ஏமாற்றும். குஞ்சுக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு ஒரு நிறம், இணைசேரும் காலத்தில் வேறு நிறம். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாமே கறுப்பு. எலும்பு அப்படி மாறாது. மனிதனுக்குக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். கொக்குக்கு ஏறத்தாழ 20. அவற்றில் 6ஆவது மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, தனி வடிவில் இருக்கிறது. கொக்கின் கழுத்தில் தெரியும் அந்த வெடுக்கென்ற மடிப்பு அங்கேதான் விழுகிறது. மடித்து வைத்த கழுத்து, இழுத்துப் பிடித்த கவண். மீன் அருகில் வந்ததும் விட்டுவிடுகிறது. பறக்கும்போதும் அந்த மடிப்பை அது விடுவதில்லை. நாரைக்கு இந்த ஏற்பாடு இல்லை; பெரும்பாலும் நீட்டிய கழுத்தோடுதான் பறக்கிறது.

இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு நம் பெயர்களைத் திரும்பப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். 'சாம்பல் நாரை' என்று நாம் அழைக்கும் பறவை கழுத்தை மடக்கித்தான் பறக்கிறது. 'செந்நாரை'யும் அப்படியே. பெயரில்தான் நாரை, எலும்பில் இரண்டும் கொக்கு. அந்தி சாய்ந்ததும் 'குவாக்' என்று கத்திக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பும் வக்காவும், வயல் வரப்பில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையானும் இதே கூட்டம். சந்தேகம் இருந்தால் தொலைநோக்கியில் அதன் நடுவிரல் நகத்தைப் பாருங்கள். நகத்தின் ஒரு விளிம்பில் சீப்புப் பல் வரிசை இருக்கும். கொக்கின் மார்பில் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒருவகை இறகின் நுனி, முகப்பவுடர்போல் பொடியாகிறது. விலாங்கின் வழவழப்பு உடம்பில் ஒட்டிக்கொண்டால், அந்தப் பொடியைப் பூசி, உறிஞ்சவிட்டு, நகச்சீப்பால் வாரிவிடும். பவுடரும் சீப்பும் உடம்போடு பிறந்தவை.

ரங்கனதிட்டின் நாயகர் மஞ்சள்மூக்கு நாரை. மரத்துக்கு மரம் குச்சிக்கூடுகள். ஒவ்வொன்றிலும் நீண்ட மஞ்சள் அலகு, ஆரஞ்சு வழுக்கைத் தலை, வால்பக்கம் யாரோ ரோஜாச் சாயத்தில் முக்கியெடுத்ததுபோல் இறகு. இவ்வளவு அலங்காரம் இருந்தும் குரல் கிடையாது என்றே சொல்லலாம். துணையிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அலகின் இரு பாதிகளையும் தட்டித் தாளம் போடும். இரை தேடும்போது அதைக் கவனித்தால் முதலில் சோம்பேறி என்றுதான் தோன்றும். கலங்கிய தண்ணீரில் அலகைப் பாதி திறந்து முக்கி, தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நடக்கிறது. மீனைத் தேடிக் கண் அலைவதே இல்லை. தேவையும் இல்லை. மீன் அலகின் உட்புறத்தில் உரசிய கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்க உறவான மர நாரையிடம் அந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள்: நொடியை நாற்பது பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. நாம் ஒருமுறை கண் இமைத்து முடிப்பதற்குள் அந்த அலகு மூடியிருக்கும். நடக்கும்போது ஒரு காலால் சேற்றைக் கிளறுவதும், சட்டென்று ஒரு சிறகை விரிப்பதும் மீனை மிரட்டி அலகுப் பக்கம் ஓட்டத்தான்.

பக்கத்துக் கிளையில் இருக்கும் நத்தைகுத்தி நாரையின் அலகை முதலில் பார்ப்பவர்கள் அதற்கு ஏதோ அடிபட்டிருக்கிறது என்றே நினைப்பார்கள். அலகை மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அதன் வழியாக எதிர்ப்பக்கத்து வானம் தெரியும். கன்னடத்தில் இதன் பெயரே 'பாய்க்களக', வாய் திறந்தது. குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டியில் பாக்கை வைப்பதுபோல நத்தையை அந்த இடுக்கில் வைத்து நசுக்குகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் இது தின்றுவிட்டுப் போன இடத்தில் கிடக்கும் நத்தை ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கின்றன! நடப்பது வேறு. மேல் அலகால் ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்திபோல் கூர்ந்த கீழ் அலகின் நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் நுழைத்து, சதையை ஓட்டோடு கட்டியிருக்கும் தசையை அறுத்துவிடுகிறது. பிறகு சதை அப்படியே வெளியே வருகிறது. இத்தனையும் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில், பார்க்காமலே. நுங்கு எடுப்பதில் கைதேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் எடுக்கச் சொன்னால் அவர்களும் திணறுவார்கள்.

கரண்டிவாயனும் வெள்ளை அரிவாள் மூக்கனும் நம் பெயர் சூட்டும் திறமைக்குச் சாட்சி. வேறு அடையாளக் குறிப்பே தேவையில்லை. ஒன்றின் அலகு தட்டைக் கரண்டி, மற்றதன் அலகு கதிர் அரிவாள். கரண்டி இடமும் வலமுமாக நீரைத் துழாவும்போது எழும் சுழல், அடியில் கிடக்கும் சிற்றுயிர்களை மேலே கிளப்புகிறது. அரிவாளோ சேற்றுக்குள் இறங்கி, நுனியில் உள்ள நுண்ணிய உணர்குழிகளால் புழுவின் அசைவைத் தடவிக் கண்டுபிடிக்கிறது. கருவிகள் இவ்வளவு வேறு, குடும்பமோ ஒன்றே. ஒரே வீட்டில் ஒருவர் கொத்தனாராகவும் ஒருவர் தச்சராகவும் இருப்பதுபோல.

படகு பாறைகளை நெருங்கியது. ஒரு பாறையில் முதலை வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது. எல்லோருடைய செல்பேசியும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த பாறையில் அதைவிட விசித்திரமான இரண்டு பறவைகள் இருந்தன; அவற்றை யாரும் கவனிக்கவில்லை. இரண்டும் சிறகை விரித்து, கொடியில் காயப்போட்ட சட்டைபோல் நின்றன. ஒன்று நீர்க்காகம், மற்றது பாம்புத்தாரா. படகோட்டி இரண்டாவதை 'ஹாவக்கி' என்றார். ஹாவு என்றால் பாம்பு, ஹக்கி என்றால் பறவை. நம் பாலும் பாம்பும் அங்கே ஹாலும் ஹாவும் ஆகிவிடுகின்றன. பறவையை முதலில் பார்த்தவர்களுக்குத் தோன்றியது என்னவோ இரண்டு மொழியிலும் ஒன்றுதான். நீந்தும்போது உடல் முழுதும் நீருக்குள் அமிழ்ந்து, கழுத்து மட்டும் பாம்பாக நெளிந்து வரும்.

வாத்தின் மேல் தண்ணீர் ஒட்டாது. இவை ஏன் நனைகின்றன? நனைவதற்காகவே இவற்றின் இறகு அமைந்திருக்கிறது. இறகுகளுக்கு நடுவே காற்று சிக்கினால் பறவை தக்கைபோல் மிதக்கும், மூழ்க முடியாது. நீர்க்காகத்தின் இறகில் வெளிவிளிம்பு நனைந்து எடை கூட்டுகிறது, உட்பகுதி நனையாமல் உடம்பின் சூட்டைக் காக்கிறது. ஒரே இறகில் பாதி பருத்தி, பாதி மழைக்கோட்டு. வேலை முடிந்ததும் காயவைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தூரத்தில் இரண்டையும் பிரித்தறிய அலகின் நுனியைப் பார்க்க வேண்டும். நீர்க்காகத்துக்குக் கொக்கி, மீனைக் கவ்வும். பாம்புத்தாராவுக்கு ஊசி, மீனைக் குத்தும். குத்துவதற்கான விசை, கழுத்தின் 8ஆவது முள்ளெலும்பில் உள்ள கீல் போன்ற மடிப்பிலிருந்து பிறக்கிறது. குத்திய மீனை மேலே வந்து சுண்டியெறிந்து, தலைப்பக்கமாக வாய்க்குள் வாங்கிக்கொள்ளும்.

கூழைக்கடாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் பையைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு தவறை மட்டும் திருத்துகிறேன். அது மீனைச் சேமித்து வைக்கும் சஞ்சி அல்ல, கைவலை. தலை நீருக்குள் போனதும் கீழ்த்தாடையின் இரண்டு மெல்லிய எலும்புகளும் வில்லாக வெளியே வளைந்து, பை விரிகிறது. தண்ணீரோடு சேர்த்து மீனை அள்ளி, அலகைச் சாய்த்து நீரை வடித்துவிட்டு, பிறகே விழுங்கும். இது தரையில் நடக்கும் அரிய வேளையில் காலைப் பாருங்கள். வாத்துக்கு முன்னால் உள்ள மூன்று விரல்களைத்தான் விரலிடைச் சவ்வு, அதாவது துடுப்புபோல் விரிந்து நீரைத் தள்ளும் தோல், இணைக்கிறது. கூழைக்கடாவுக்குப் பின்விரலையும் சேர்த்து நான்கும் ஒரே சவ்வில். நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் அப்படியே. நான்கு விரலும் இணைந்த பறவைகளையெல்லாம் ஒரே இனம் என்று அறிவியலார் வெகுகாலம் ஒரு வரிசையில் வைத்திருந்தார்கள். இந்தக் கால்களை நினைவில் வையுங்கள். திரும்பி வருவோம்.

கால்களைப் படிக்க மைசூரில் இன்னும் வசதியான இடம், மானசகங்கோத்திரி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய குக்கரஹள்ளி ஏரி. 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் வெட்டியது. காலை நடைக்கு வருகிறவர்கள் ஒரு சுற்று போவதற்குள் நான்கு விதமான கால்களை இங்கே பார்த்துவிடலாம், யாருக்காவது நின்று பார்க்கப் பொறுமை இருந்தால். கறுப்பு உடம்பு, வெள்ளை அலகு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளைத் தகடு. நாமக்கோழி! தமிழில் இதைவிடக் கச்சிதமான பறவைப் பெயர் இல்லை என்பது என் கட்சி. இதற்கு விரலிடைச் சவ்வு கிடையாது. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் இலைபோன்ற மடல்கள் இருக்கின்றன. காலைப் பின்னால் உதைக்கும்போது மடல் விரிந்து நீரைத் தள்ளும்; முன்னால் இழுக்கும்போது மடிந்து வழிவிடும். மடக்குக் குடையின் தத்துவம். சவ்வு இல்லாததால் கரையிலும் தடுமாறாமல் நடக்கும்.

அதன் பக்கத்திலேயே திடீரென்று மறைந்து வேறெங்கோ முளைக்கும் முக்குளிப்பானுக்கும் மடல் விரல்தான். அதன் கால்களோ உடம்பின் கடைசியில், வால் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்தியிருக்கின்றன. படகின் மோட்டாரைப் பின்னால் வைப்பதற்கு உள்ள அதே காரணம். அதற்குக் கொடுத்த விலை, தரையில் நாலடி நடப்பதே பாடு. அல்லி இலைகள் படர்ந்த நீர்நிலைகளில் இலைக்கோழியைப் பார்த்தால் இதற்கு நேர்எதிரான ஏற்பாடு தெரியும். உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் விரல்கள், அவற்றின் முனையில் விரலளவுக்கு நகங்கள். ஒரு நடுத்தர ஆப்பிளின் எடைதான் இருக்கும் அந்தப் பறவை. அந்த எடையும் அகலமாகப் பரவிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. சேற்று நிலத்தில் பலகை போட்டு நடப்போமே, அந்தப் பலகையைக் காலிலேயே கட்டிக்கொண்டு பிறந்திருக்கிறது.

ஊருக்குள் வந்தால் வானத்தைப் பார்க்க வேண்டும். அரண்மனைக்கு மேலே வட்டமிடும் இரண்டு பருந்துகளில் எது எது? வாலின் நுனி உள்வாங்கிப் பிளந்திருந்தால் கரும்பருந்து. விசிறிபோல் உருண்டிருந்தால் செம்பருந்து, நம் ஊரில் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். ஒரு எச்சரிக்கை: கரும்பருந்து வாலை முழுதாக விரித்துவிட்டால் பிளவு மறைந்து நேர்க்கோடாகிவிடும். கொஞ்சம் காத்திருங்கள், திரும்பும்போது மடிக்கும். அப்போது பிளவு தெரியும்.

மாலையில் பழைய கட்டடங்களைச் சுற்றி அரிவாள் சிறகோடு கூட்டமாகச் சீறிப் பறப்பவை உழவாரன்கள். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை தகைவிலான்கள். இரண்டும் சின்னவை, இரண்டும் பறந்தபடியே பூச்சி பிடிப்பவை, இரண்டுக்கும் நீண்ட சிறகு, அகன்ற வாய். புத்தகம் பார்த்தும் குழம்புகிறவர்கள் உண்டு. வழி சுலபம். உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது, உட்காரவும் முடியாது. அதன் குட்டைக் காலின் கூரிய விரல்கள் செங்குத்துச் சுவரைப் பற்றித் தொங்க மட்டுமே பயன்படும். தகைவிலானுக்கோ முன்னே மூன்று, பின்னே ஒன்று என்று குருவிக்கால். பறவை உட்காரும்போது கால் மடங்க, தசைநார் இறுகி, விரல்கள் தாமாகவே கம்பியைப் பூட்டிக்கொள்ளும். தூங்கினாலும் விழாது. உலகின் ஏறத்தாழ 11,000 பறவை இனங்களில் பாதிக்கு மேல் இந்தக் குருவிக்கால் கூட்டம். காகமும் அதில் அடக்கம்.

இப்படி ஒரே தொழில் பார்ப்பதால், உறவே இல்லாத உயிர்கள் ஒரே சாயலுக்கு வந்து சேர்வதைக் குவி பரிணாமம் என்கிறார்கள். தகைவிலானுக்குக் காகம் தூரத்துப் பங்காளி. உழவாரனுக்கு நெருங்கிய உறவோ அமெரிக்கக் கண்டங்களில் பூவுக்குப் பூ தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டு. அலகும் காலும் பறவையின் தொழிலைத் தவறாமல் சொல்லும். குலத்தைச் சொல்லும் என்று நம்பினால் அவ்வப்போது காலை வாரிவிடும்.

எவ்வளவு வாரிவிட்டது என்பது மரபணுவைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. 2008இல் 169 பறவை இனங்களின் மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அதன்படி, கொக்கி அலகு, கூர்நகம், கழுகின் கண் எல்லாம் உள்ள பொரி வல்லூறு, கழுகுகளின் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை! அதற்கு நெருங்கிய சொந்தம் கிளியும் குருவியும். திரும்பிப் பார்த்தால் உடம்பிலும் ஒரு சிறு தடயம் இருந்திருக்கிறது: வல்லூறின் மேல் அலகின் ஓரத்தில் பல்போன்ற ஒரு முனை உண்டு. கழுகு நகத்தால் கொல்லும். வல்லூறு அந்தப் பல்லால் இரையின் கழுத்தெலும்பைக் கடித்து முடிக்கும். முக்குளிப்பானின் கதை இதைவிட வேடிக்கை. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பழுப்புப் பந்துக்கு உயிருள்ளவற்றில் மிக நெருங்கிய உறவு, கோடியக்கரைக்கு வரும் நெட்டைக்கால் பூநாரை. அதிலும் நம் பெயர் தவறியிருக்கிறது. பூநாரையும் நாரை இல்லை.

இப்போது ரங்கனதிட்டின் மருத மரத்துக்குத் திரும்புவோம். ஒரே மரத்தில் நாரை, கொக்கு, கூழைக்கடா. நீண்ட கால், நீண்ட கழுத்து, நீண்ட அலகு என்று நாரையையும் கொக்கையும் ஒரே வரிசையில் வைத்திருந்தோம். நான்கு விரல் சவ்வைப் பார்த்துக் கூழைக்கடாவை நீர்க்காகத்தோடு சேர்த்திருந்தோம். மரபணு அந்த வரிசையைக் கலைத்துப்போட்டது. ஆப்பிரிக்காவில் மரச்செருப்பு போன்ற அலகோடு திரியும் ஷூபில் பறவைதான் கூழைக்கடாவுக்கு மிக நெருக்கம். அதற்கடுத்த சொந்தங்களாகக் கொக்கும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் வருகின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் பக்கத்துக் கிளைக்குப் போய்விட்டன. நாரை தன் வரிசையில் தனியாக நிற்கிறது. ஆக, ஒல்லியான அந்தக் கொக்குக்கு, தன்னைப்போலவே இருக்கும் நாரையைவிட, பை தொங்கும் குண்டுக் கூழைக்கடாவே நெருங்கிய உறவு. படகில் கொக்கு, நாரை என்று திருத்திக்கொண்ட தாயும் மகனும் இதை அறிந்திருக்க மாட்டார்கள். மடக்கிய கழுத்து மட்டும் ஒரு சிறு ஒற்றுமையைக் காட்டுகிறது: கூழைக்கடாவும் கழுத்தை மடக்கியே பறக்கிறது.

ரங்கனதிட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு வீட்டருகிலேயே ஒரு பயிற்சி. அடுத்த முறை ஏரிக்கரையிலோ வாய்க்காலிலோ ஒரு வெள்ளைக் கொக்கைக் கண்டால் கடந்து போகாதீர்கள். மாட்டின் பக்கத்தில், மஞ்சள் அலகோடு குட்டையாக நின்றால் உண்ணிக்கொக்கு. நீண்ட கழுத்தோடு, கால் முதல் விரல்வரை கறுப்பாக இருந்தால் பெரிய கொக்கு. கறுப்பு அலகும் கறுப்புக் காலுமாக, விரல்கள் மட்டும் மஞ்சள் காலுறை போட்டதுபோல் இருந்தால் சின்னக் கொக்கு. மஞ்சள் விரலைச் சேற்றில் ஆட்டித்தான் அது மீனைக் கிளப்புகிறது. கால் தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த நிறம் தெரியாது. அது காலைத் தூக்கும்வரை நில்லுங்கள்.